வேப்பிலை வாசலில் கிள்ளான்காரர்

ஒரு ஆளின் குணம் வரிசையில் நிற்கும்போது தெரிந்துவிடும் என்பது என் கட்சி. தண்ணீர் பில் கட்டும் கவுண்ட்டருக்குப் பின்னால் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஜாதகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. “ஒரே ஒரு கேள்விதான்” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நுழைகிறவர், தன் இடத்தில் குடையை வைத்துவிட்டு தே தாரிக் குடிக்கப் போகிறவர், ஒரு பாட்டிக்கு வழிவிட்டுவிட்டு அதை நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்க்கிறவர் என்று எத்தனையோ ரகம். இவர்களில் யாரைக் கட்டினால் என்ன கதி ஆகும் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவேன்.

ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பதில்லை. சோபாவில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நாம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டு ஹாலில் நான் தட்டோடு பல தடவை நின்றிருக்கிறேன். கடைசியாக வந்த ஒரு அம்மாள் டீயை எடுக்கிற சாக்கில் என் பின்னலை ஒரு இழு இழுத்துப் பார்த்தார், சவுரியா என்று. அந்தத் தட்டை அவர் மடியில் கவிழ்க்காமல் விட்டதற்கு என் அம்மா இன்றைக்கும் அம்மனுக்கு நன்றி சொல்லலாம்.

அன்று இரவே அறிவித்துவிட்டேன், இனி தட்டு கிடையாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் வெளியில் பார்க்கிறேன், நாலு பேர் நடமாடுகிற இடத்தில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெட்டாலிங் ஜெயாவுக்கு அப்பால் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றை நீர்ப் பூங்காவாக மாற்றியிருந்தார்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. சறுக்குக் குழாய் உயரம், செயற்கை அலை, எல்லாவற்றுக்கும் மேலாக வரிசை. சறுக்குவதற்கு வரிசை, டிக்கெட்டுக்கு வரிசை, ஐஸ்கிரீமுக்குக்கூட வரிசை என்று ஆபீஸில் சொன்னார்கள். என் காதில் தேன் பாய்ந்தது. அந்தச் சமயத்தில் தரகர் ஒரு கிள்ளான் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. போட்டோவில் சிரிக்காமல் இருந்தார். அது எனக்குப் பிடித்தது.

“பார்க்குல பாக்கிறேன்,” என்றேன்.

“சறுக்கிக்கிட்டே மாப்பிள்ள பாப்பியா?” என்றாள் அம்மா.

ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த அப்பா அதிகம் பேசாதவர். வீட்டில் இரண்டு பக்கமிருந்தும் நாங்கள் வேகமாக வருவதைப் பார்த்தால் நடுவில் வந்து கொடி காட்டுவார். ஒரு வாரம் நானும் அம்மாவும் சாப்பாட்டுத் தட்டுகளை ஓசைப்படுத்தி வைத்த பிறகு கொடி காட்டினார். “இந்த ஒரு தடவ அவ சொல்ற மாதிரி. இது சரியா வரலன்னா, அப்புறம் வீட்லதான். தட்டோடதான். சரியா?”

சரி என்றேன். கிள்ளான் மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்ததாகவும், பையன் மட்டும் உடனே ஒத்துக்கொண்டதாகவும் தரகர் வந்து சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்கா வாசலில் சந்திப்பது என்று முடிவானது. அப்பாவும் அம்மாவும் என்னோடு வருவதாகவும், பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்வதாகவும் ஏற்பாடு.

அதற்குள் எங்கள் வரிசையில் அம்மை வந்துவிட்டது.

குவாட்டர்ஸ் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டியவை. ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் ஆயுசு சொல்வார்கள். கோடி வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் போட்டது. அடுத்து அதற்கு அடுத்த வீடு. பிறகு அதற்கும் அடுத்த வீடு. குறுக்கே நுழையாமல், யாரையும் தாண்டாமல், ஒழுங்காக ஒவ்வொரு வாசலாக வந்தது. என் கவுண்ட்டரில் நிற்கிறவர்களைவிட அதற்கு நல்ல பழக்கம் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டு நிலையிலும் வேப்பிலைக் கொத்து ஏறியது. கோயில் வளாகத்து வேப்பமரம் மொட்டையானது.

அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, மீன் கூடாது. எங்கள் வரிசை முழுவதும் கடுகு வெடிக்கிற சத்தமே நின்றுபோயிற்று. பிரிக்பீல்ட்ஸில் சாயங்காலம் குழம்பு வாசனை இல்லாமல் நடந்து வருவது என்னவோ தப்பான ஊரில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. மோட்டார் சைக்கிள் மீன்காரர் முதல் நாள் ஹார்ன் அடித்துப் பார்த்தார். இரண்டாம் நாள் வேப்பிலையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே வண்டியைத் திருப்பினார். வீடியோ கடை அங்கிள் எங்கள் வரிசைக்காரர்களிடம் கேசட்டைக் கையில் வாங்க மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். மினி பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி மெதுவாக வந்து, கண்டக்டர் எங்களை எட்டிப் பார்த்து, “ஜாலான், ஜாலான்!” என்று டிரைவருக்குக் குரல் கொடுத்ததும் பறந்துவிடும். நான் அடுத்த ஸ்டாப் வரைக்கும் வெயிலில் நடந்து, வேறு வரிசைக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவேன். ஆபீஸில் விஷயம் தெரிந்ததும் கவுண்ட்டரிலிருந்து எழுப்பி, பின்னால் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே பார்ப்பதற்கு வரிசையே இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

அம்மை எங்கள் வீட்டை அடைவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று நான் வீடுகளை எண்ணி வைத்திருந்தேன். எண்ணியதில் தப்பில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டதாம். அந்த வீட்டில் அம்மைக்கு வேலை இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை உடம்பு அனலாகக் கொதித்தது. சனிக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் மூன்று, கழுத்தில் ஒரு கூட்டம்.

கிளினிக் டாக்டர் பூசிக்கொள்ள ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்தும், ஆபீஸுக்கு எம்சி என்கிற லீவுச் சீட்டும் கொடுத்தார். அம்மா இரண்டையும் சாமி படத்தடியில் வைத்துவிட்டு வேப்பிலையை எடுத்துக்கொண்டாள். ஹாலில் பாய் விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி என்னை உட்கார வைத்தாள். முகத்தில் மஞ்சள், கையில் சொறிந்துகொள்ளச் சின்னதாக ஒரு வேப்பிலைக் கொத்து, உடம்பில் பழைய கைலி. தலையில் சீப்புப் படக் கூடாது என்று உத்தரவு.

அதெல்லாம் போகட்டும். எனக்கு ஒரே ஒரு கவலைதான்.

“அம்மா, கிள்ளானுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு. நாளைக்கு அவங்க வந்து நிப்பாங்க.”

அம்மா வாயில் விரலை வைத்தாள். “வீட்ல அம்மா இருக்கும்போது கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. மூணு தண்ணி ஊத்தின பிறகுதான்.”

“கல்யாணப் பேச்சு இல்லலா, வரலன்னு சொல்றதுதான்.”

“அதுவும் கல்யாணப் பேச்சுதான்.”

எங்கள் வீட்டில் போன் இருந்தது. பூப்போட்ட துணி விரித்த ஸ்டூல்மேல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அக்கம்பக்கத்தார் வெளியூருக்குப் பேசிவிடுகிறார்கள் என்று அதன் எண் சுழற்றும் வட்டில் அம்மா ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தாள். சாவி அவள் தாலிக்கயிற்றில் ஊக்கோடு தொங்கியது. அழுதேன், கத்தினேன், காய்ச்சல் ஏறியதுதான் மிச்சம். அப்பாவைப் பார்த்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். சிக்னல்காரருக்கே சிக்னல் கிடைக்காத இடம் எங்கள் ஹால்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வந்திருப்பார். இப்போது சுற்றிலும் பார்ப்பார். இப்போது கோபப்படுவார். இப்போது போயிருப்பார். நானே கேட்டு வாங்கிய சந்திப்புக்கு நானே போகவில்லை. பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்தது தட்டுதான். உடம்பு அரிப்பைவிட அது அதிகமாக அரித்தது.

மத்தியானம் சாய்ந்த நேரம். அப்பா டூட்டியில் இருந்தார். அம்மா பின்கட்டில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் குளிப்பாட்ட வேண்டிய நாள் வரைக்கும் காத்திருக்காமல், ஊறட்டும் என்று வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அலுமினிய அண்டாவை வாசல் வெயிலில் வைத்துவிட்டிருந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. கேட்டில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

உயரமாக ஒரு ஆள். வெயிலில் நின்று முகம் கறுத்துச் சிவந்திருந்தது. வரிசை முழுவதும் கட்டியிருந்த வேப்பிலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார். குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலையில் தெளித்துக்கொண்டார்.

தீர்த்தம் என்று நினைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா பயம் வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. போட்டோவில் பார்த்த முகம்தான். ஆனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரிந்தால்தான் அதிசயம்.

“அக்கா, சிக்னல் அங்கிள் வீடு இதுதானே?”

தலையாட்டினேன்.

என் மஞ்சள் முகத்தையும் கையிலிருந்த வேப்பிலையையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “விரதமாக்கா? தீ மிதிக்கிறீங்களா?”

“மிதிக்கிற மாதிரிதான் இருக்கு,” என்றேன்.

“தெருவே திருவிழா கட்டியிருக்கீங்க. நல்லதுதான்.” அதுவரை அடக்கி வைத்திருந்தது அதற்குமேல் நிற்கவில்லை. “ஆனா திருவிழான்னா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா! இந்த வீட்டுப் பொண்ணு பார்க்குக்கு வரச் சொன்னாங்க. காலையில கேட்டு தொறக்கிறதுக்கு முன்னாடி போயிட்டேன். இவ்வளவு நேரம் நின்னேன். சாமி காரியம்னா நான் கோவிச்சிக்கவா போறேன்?”

“உள்ள போயிருக்கலாமே? டிக்கெட் எடுத்து ஒரு சறுக்கு சறுக்கியிருக்கலாம்.”

“உள்ள போனா அவங்க வந்து தேட மாட்டாங்களா? வாசல்லயே நின்னா காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரர் வெரட்டுறார், வரிசையில நில்லு இல்லன்னா போன்னு. அதனால வரிசையில நின்னேன். கவுண்ட்டர் கிட்ட வந்ததும் பின்னால இருக்கிறவங்கள முன்னால விட்டுட்டு, மறுபடியும் கடைசியில போய் நின்னேன். அப்படியே சுத்திக்கிட்டே இருந்தேன். டிக்கெட் கொடுக்கிற பொண்ணே சிரிச்சிருச்சு.”

எந்த வரிசையில் இவரை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் சண்டை போட்டேனோ, அந்த வரிசையில் இவர் காலை முழுவதும் நின்றுவிட்டு வந்திருந்தார், பார்ப்பதற்கு நான் இல்லாமலே. யாரும் பார்க்காதபோது நின்றிருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான் அது, வேறென்ன.

“நான்தான் அந்தப் பொண்ணு,” என்றேன். “இது திருவிழா இல்ல. அம்மை.”

அவர் என்னைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “போட்டோல...” என்று ஆரம்பித்தார்.

“போட்டோவுக்கு அம்மை போடல.”

அப்போதுதான் சிரித்தார். போட்டோவில் இல்லாத சிரிப்பு அது. அதே நேரத்தில் மஞ்சள் கையோடு அம்மா வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அலறினாள்.

“ஐயோ தம்பி! உங்களுக்கு முன்னாடி அம்மை போட்டிருக்கா?”

“இல்ல ஆன்ட்டி.”

“அப்ப கெளம்புங்க, கெளம்புங்க!”

அவர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, “சரி ஆன்ட்டி, போயிட்டு வ...” என்றார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். “சொல்லாதீங்க! அம்மா இருக்கிற வீட்ல அந்த வார்த்தய சொல்லக் கூடாது. சொன்னா அவளும் திரும்ப வருவா. பேசாம போங்க.” அவர் வாயை மூடிக்கொண்டு, எனக்கு ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல், கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணை வந்து பார்த்த ஆள், வருகிறேன் என்று சொல்லாமல் போயிருக்கிறார். அம்மாவின் சட்டத்தால்தான், தெரியும். ஆனாலும் சொல்லாமல்தான் போனார்.

எனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு தண்ணி, இரண்டு தண்ணி, மூன்றாம் தண்ணி. வேப்பிலையை இறக்கி, அம்மா முதல் வேலையாகக் கடுகைத் தாளித்தாள். அந்தச் சத்தத்தில் வீடே உயிர் பெற்றது. போனின் பூட்டையும் திறந்தாள். ஆனால் நாங்கள் கூப்பிடுவதற்குள் தரகர் நேரில் வந்துவிட்டார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

கிள்ளானில் பையனுக்கு அம்மை போட்டுவிட்டதாம். பெண் வீட்டு வாசலை மிதித்த இரண்டே வாரத்தில் இப்படி ஆகிவிட்டதே, சகுனம் சரியில்லை, இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று அவருடைய அம்மா சொல்கிறாராம். “பரவாயில்ல,” என்றார் தரகர், பையிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்தபடி. “செலாயாங்ல ஒரு நல்ல எடம். அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்து பாக்கிறேன்றாங்க.”

அம்மா சமையலறை அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் தட்டு இருந்தது.

அடுத்த நாள் ஆபீஸுக்குக் கிளம்புகிறவள் மாதிரிக் கிளம்பினேன். பாசாரில் இளநீர் வாங்கிக் கட்டிக்கொண்டு கிள்ளான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். முகத்தில் தழும்பு இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த ஆள் மெதுவாக எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். இடம் தாராளமாகக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. வழி நெடுக ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் போய் மாப்பிள்ளையைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாதது. கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வேன்? ஒன்றும் செய்ய முடியாது. இளநீரை நானே குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தரகர் சொன்ன தெருவில் வேப்பிலை கட்டியிருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கதவருகில் வந்த அம்மாள் என் முகத்துத் தழும்பைப் பார்த்ததுமே யார் என்று புரிந்துகொண்டார். அவர் முகம் இறுகியது.

“அம்மாவுக்கு எளநி கொண்டாந்தேன்,” என்றேன்.

அம்மை வீட்டுக்கு வந்த இளநீரைத் திருப்பி அனுப்ப எந்தத் தமிழ்த் தாய்க்கும் தைரியம் வராது. அது எனக்குத் தெரியும். அவர் இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு வழிவிட்டார்.

கிள்ளான்காரர் ஹாலில் பாயில் கிடந்தார். எங்கள் டாக்டர் கொடுத்த அதே ரோஸ் மருந்தை முகம் முழுக்கப் பூசியிருந்தார். என்னைப் பார்த்ததும் கைலியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

“பாக்காதீங்க,” என்று கைலிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நீங்க பாத்தீங்கல்ல? இப்ப என் முறை.”

பழக்கதோஷம் என்று நினைக்கிறேன், அவருடைய அம்மா உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, டம்ளரைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். என் ஆயுளில் முதல் தடவையாகத் தட்டு என் பக்கம் வந்தது. நான் யாருடைய பின்னலையும் இழுக்கவில்லை. எடுத்துக் குடித்தேன். உப்பு குறைவாக இருந்தது, நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

“அந்தத் தண்ணிய தலையில தெளிச்சிருக்கக் கூடாது,” என்றது கைலி.

“எந்தத் தண்ணிடா?” என்றார் அவர் அம்மா.

அவர் சொன்னார். அண்டா, தீர்த்தம், தீமிதி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாளின் உதடு ஒரு ஓரத்தில் துடித்தது. சிரித்துவிடக் கூடாதென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “சகுனத்த போய்த் தப்பு சொன்னேனே, இவன் புத்திய இல்ல சொல்லணும்,” என்றார். ஆனாலும் சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அம்மா இருக்கிறாளே. நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

எழுந்தேன். வாசலில் செருப்பைத் தேடினேன். அவருடைய அம்மா நிலைக்கு அருகில் வந்து நின்றுகொண்டு, என் அம்மாவின் குரலிலேயே, ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

“ஒண்ணும் சொல்லாம போயிடும்மா. தெரியும்ல?”

தெரியும். கேட்டுவரை நடந்தேன். வாய் திறக்காமல் இந்தக் கேட்டைத் தாண்டினால் அடுத்த ஞாயிறு செலாயாங்காரர்கள் வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி நின்றேன். உள்ளே பாய்வரைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்.

“போயிட்டு வரேன்.”

அவருடைய அம்மா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேப்பிலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். தெருவில் ஒரு லோரி கடந்து போனது. பிறகு உள்ளேயிருந்து, கைலியை விலக்கிவிட்ட தெளிவான குரல் வந்தது.

“வாங்க.”